பீட்ரூட் கேசரி

இந்துவின் அப்பாவுக்கு சரோஜம்மாவின் வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

கேசரி கிண்டிய அன்றைக்கு இந்த மஸ்கட் வீட்டில் இருந்தது நம் இந்து, மாப்பிள்ளை சுனில், பேரன் கௌசிக், நான். கலர் பொடி பிள்ளைக்கு ஆகாது என்று மாப்பிள்ளை சொன்னதால் கேசரிக்கு பீட்ரூட் சாறுதான் ஊற்றினேன். மறுநாள் காலையில் பிள்ளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது.

"இன்னாம்மா போட்டுத் தொலைச்ச?" என்று இந்து கத்தினாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் சோதித்துவிட்டுச் சிரித்தார். பீட்ரூட் தின்றால் சிலருக்கு அப்படிப் போகுமாம், பயமில்லையாம். பிள்ளை இப்போது கட்டிலில் ஏறிக் குதிக்கிறான். என்னைச் சந்தேகப்பட்டதற்கு மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார், இந்து அழுதாள். அவர்களை மன்னித்துவிட்டேன்.

நம் ஊர் சாம்பியன் ரீப்ஸ் மில்லில் அரைத்த மிளகாய்த்தூள் கொடுத்தனுப்புங்கள். பக்கத்து வீட்டுச் செல்வியை எனக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்கள், இங்கே பேச ஆளில்லை. கடிதம் கொண்டுவருபவர் கீழே காத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் நின்றபோது போனில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பழக்க தோசத்துல பொடியத்தான் போட்டிருப்ப, ஒத்துக்க." கட்டின நாளிலிருந்து வாயால் சொல்லாத பேரை இன்று எழுதுகிறேன். உங்களை மன்னிக்க மாட்டேன், எத்திராஜ்.