வெறும் கோப்புகள்

என் ரெஜினா கண்ணுக்கு,

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. நம் ஊர் மஞ்சக்குட்டையில் இந்த முறை காப்பி நன்றாகப் பூத்தது. அப்பாவுக்கு முட்டிவலி குறையவில்லை. இதையெல்லாம் உன் கல்லறையில் வந்தே சொல்லியிருக்கலாம். நான்கு மாதமாக அந்தப் பக்கம் வர எனக்குக் கால் எழவில்லை.

உன்னுடைய பட்டியலை நான் அழித்துவிட்டேன், ரெஜினா.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து மலைக்கிராமங்களுக்காக நீ கட்டிய இணையதளம் அது. நர்ஸ் ஒரு இரத்த வகையைத் தட்டினால், இரத்தம் கொடுக்கச் சம்மதித்த அந்த வகைக்காரர்களின் பெயரும் ஊரும் போன் நம்பரும் வரும். ஷேர் ஜீப்பில் ஊர் ஊராய்ப் போய் நானூறு பேரைச் சேர்த்தாய். ஒவ்வொரு பெயருக்கும் கீழே நீயே ஒரு குறிப்பு எழுதினாய். ‘பகலில் சிக்னல் கிடைக்காது, டீக்கடையில் சொல்ல வேண்டும்.’ ‘ஊசிக்குப் பயம், மனைவியோடு வருவார்.’

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, அண்ணன் நான் இருக்கிறேனே என்று அதை எடுத்துக்கொண்டேன். பதினெட்டு வருடமாக டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வதுதானே என் பிழைப்பு. என்னைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று நினைத்தேன்.

ஜூனில் புது சர்வருக்கு மாற்றும் வேலை. திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்றில் சோதனைக்கு வைத்திருந்த நகல், இன்னொன்றில் உண்மையான பட்டியல். நகலை அழிக்கும் கட்டளையை உண்மையான பட்டியல் இருந்த ஜன்னலில் தட்டிவிட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

அப்போதும் நான் பதறவில்லை. தினமும் தானாக பேக்கப் எடுக்க நீ ஏற்பாடு செய்திருந்தாயே. போய்ப் பார்த்தேன். நாள் தவறாமல் ஒரு கோப்பு இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. முந்தைய நாளும் இல்லை, அதற்கு முந்தைய மாதமும் இல்லை. உன்னை அடக்கம் செய்த வாரத்தில், பாதுகாப்புக்கு என்று பாஸ்வேர்டை மாற்றியவன் நான். பேக்கப் எடுக்கும் நிரலில் பழைய பாஸ்வேர்டே இருந்தது. அன்றிலிருந்து அது வெறும் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் பழையவை தானாக நீங்கிவிடும் என்பதால், நீ இருந்தபோது எடுத்த நல்ல கோப்புகள் எப்போதோ போய்விட்டன. அதில் ஒன்றையாவது திறந்து பார்த்தேனா? ஆபீசில் புதிதாகச் சேருபவர்களிடம், மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதே என்று வாய் வலிக்கச் சொல்கிறவன் நான்.

யாரிடமும் சொல்லவில்லை. ‘பராமரிப்புப் பணி நடக்கிறது’ என்று தளத்தில் ஒரு வரி போட்டேன். நீ அனுப்பிய பழைய மெயில்களைத் தோண்டிச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் காலை சுகாதார நிலையத்து நர்ஸ் போன் செய்தார். வாழவந்தியிலிருந்து முத்துலட்சுமி என்று ஒரு பெண். எஸ்டேட் வேலைக்காரக் குடும்பம். பிள்ளை பிறந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை. சேலத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவளுடைய வகை கையிருப்பில் இல்லை, ஆளைக் கூட்டி வாருங்கள் என்கிறார்கள்.

“ஏனுங்க, லிஸ்ட்டு தொறக்கவே மாட்டேங்குதுங்க. ஓ நெகட்டிவ் ஆளு யாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?”

எனக்கு ஞாபகம் வந்த ஒரே பெயர் உன்னுடையது.

இரத்தம் கொடுக்க ஆள் இல்லாமலே அவளை மலையிலிருந்து சேலத்துக்கு இறக்கினார்கள். சேலத்தில் தேடிப்பிடித்து இரத்தம் வருவதற்குள் அவள் போய்விட்டாள். இரத்தம் கையோடு போயிருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சில நாள் ஓட்டினேன். பிறகு மாரமங்கலத்தில் ஜீப் ஓட்டும் ஒருவரைச் சந்தித்தேன். உன் பட்டியலில் இருந்தவர், அவளுடைய வகையேதான். அன்று காலை முழுக்க ஸ்டாண்டில்தான் நின்றிருக்கிறார். “எனக்கு யாருமே போன் பண்ணலீங்களே,” என்றார்.

அதன்பிறகுதான் முத்துலட்சுமியின் கணவரைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“லிஸ்ட்டு அழிஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சு எத்தன நாளாச்சுங்க அப்ப?”

“ஒம்பது நாளுங்க.”

“அந்த ஒம்பது நாள்ல நர்சம்மாகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க. அவங்க முன்னாலயே ஆளத் தேடி வெச்சிருப்பாங்க.”

அவ்வளவுதான். குழந்தையோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தவறாகத் தட்டியதைக்கூட என்றாவது ஒருநாள் பொறுத்துக்கொள்வேன். அந்த ஒன்பது நாளை என்ன செய்வது, ரெஜினா? நீயாக இருந்தால் அழித்த அன்றே நர்ஸிடம் ஓடியிருப்பாய் அல்லவா? நீ இருந்தால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவாயா?

இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் ஊராய்ப் போகிறேன். நூற்றைம்பது பேர் வரை சேர்ந்திருக்கிறார்கள். நம்பர் கொடுக்கிறார்கள். உன்னிடம் சொன்னதுபோல மற்றதைச் சொல்வதில்லை. உன் குறிப்புகள் ஒன்றுகூடத் திரும்பவில்லை. திரும்பாது. நல்ல காரியம் செய்கிறாய் என்கிறார் அம்மா. அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

இன்று மாலை அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு உன்னிடம் வருகிறேன். இனி ஒரே ஒரு பெயர் தொலைந்தாலும், தொலைத்தது நான்தான் என்று அந்த மணிநேரமே மலை முழுக்கச் சொல்வேன். இந்த வாக்கு முத்துலட்சுமியின் குழந்தைக்கு. நீ சாட்சியாக இரு.

மன்னிப்புக் கேட்க வாய் வராத
உன் அண்ணன்,
ஆரோக்கியம்