தெரியாது என்ற அண்ணை

12 நவம்பர் 1987, வியாழன்

கிடைக்க இருந்த வேலை போய்விட்டது போலத்தான். வங்கிக் காசு ஏற்றும் வண்டியில் காவலாள் வேலை. துப்பாக்கி அனுமதி இருந்தால்தான் எடுப்பார்கள். பழைய அடிதடி வழக்கில் எனக்குப் போட்ட துப்பாக்கித் தடை முடிந்துவிட்டது. ஆனாலும் இந்த வெளிநாட்டில் அனுமதி கிடைக்க, தண்டனையை முடித்தவன் நல்லவன் என்று இன்னொருவன் வந்து சொல்ல வேண்டுமாம். பக்கத்து அப்பார்ட்மென்ற் கந்தசாமி அண்ணையின் பெயரைப் பொலிசில் கொடுத்திருந்தேன். மூன்று வருடமாக அவர் வீட்டில்தான் எனக்கு இரவுச் சாப்பாடு.

இன்று பொலிஸ்காரன் வந்து விசாரித்திருக்கிறான். அப்படி ஒருவனைத் தெரியவே தெரியாது என்று இவர் கதவைச் சாத்திவிட்டார்.

"அண்ணை, விசாரிக்க வருவினம் எண்டு சொன்னனான்தானே!"

"வருவினம் எண்டாய். யூனிபோமோட வருவான் எண்டு சொன்னனியே? காப்பாத்தினவனையே ஏசுறாய்."

"காப்பாத்தினீங்களோ? என்ர வேலையைத் துலைச்சுப்போட்டீங்கள்! நாளைக்கு என்னோட ஸ்ரேசனுக்கு வந்து உண்மையைச் சொல்லுங்கோ."

அண்ணை கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, எனக்குத் தட்டில் சோறு போட்டார்.

"ஊரில என்ர மூத்த மகனைக் கேட்டு ஆமி வந்தநேரம், ஓம், என்ர மோன்தான் எண்டு உண்மைதான் சொன்னனான், தம்பி."

அதற்குமேல் எப்படிக் கத்துவது? எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை. அவர் போட்டுத் தந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நாளைக்கு ஸ்ரேசனில் தனியாகத்தான் நிற்க வேண்டும். என்னைத் தெரியாது என்றவர் வீட்டில்தான் இன்றும் சாப்பிட்டேன் என்றால் எந்தப் பொலிஸ்காரன் நம்பப் போகிறான்?