வலிக்கும் வலிக்கும் நடுவில்

எலிக்குட்டிக்கு, அம்மா எழுதறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், உங்கப்பா மட்டும் கொஞ்சம் மீன் நாத்தத்தோட நல்லா இருக்கார். ஐஸ் குளியல் உடம்பு வலிக்கு நல்லதுன்னு நீ போன்ல சொன்னியாம், மனுஷன் பஸ் ஓட்டின முதுகு வலியோட மீன்கடையில ஐஸ் வாங்கிட்டு வந்து தொட்டியில கொட்டி உள்ள இறங்கிட்டார். போட்ட சத்தத்துல மாடி வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. சோப்பு தேஞ்சதுதான் மிச்சம், நாத்தம் போகல. ஒரு குஸ்திக்கும் அடுத்த குஸ்திக்கும் நடுவுல ஐஸ் வேண்டாம், உடம்பு இறுகிடும், எல்லாம் முடிஞ்சப்புறம்தான்னு உங்க கோச் சொன்னதா உன் தங்கச்சி சொன்னா, நல்ல ஆளு.

போன போட்டி வீடியோவை அவதான் காட்டினா. முதல் குஸ்தியில அந்தப் பொண்ணை நீ தூக்கிப் போட்டதும் நான் நாற்காலி மேல ஏறிட்டேன். ஆனா அடுத்ததுக்குக் கூப்பிடற வரைக்கும் மூலையில உக்காந்திருந்தியே, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பேருதான் ஓய்வு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, கையை மடக்கிக்கிட்டு, தோளு ரெண்டும் காதுகிட்ட. அங்கயும் தனியா ஒரு சண்டை போட்டிருக்கே, அப்புறம் ரெண்டாவதுல தெம்பு எங்கேர்ந்து வரும்? ஞாயித்துக்கிழமை தேர்வுப் போட்டியிலயும் இப்படியே இருந்தா அணியில இடம் போயிடும்டி.

நான் வேலை செய்யற பிரசவ வார்டுல தினமும் பாக்கறேன். வலியை எல்லாரும் எப்படியோ தாங்கிடறாங்க, வலி விட்ட நேரத்துல அடுத்த வலியை நினைச்சு இறுகிக் கிடக்கறவங்கதான் ஓஞ்சு போறாங்க. தாடையைத் தொட்டு, இதை விடும்மா, இப்ப ஒண்ணும் இல்லம்பேன். நீயும் முதல் குஸ்தி முடிஞ்சு இறங்கினதும் பொத்துன்னு உக்காராம மூச்சு அடங்கற வரைக்கும் மெதுவா நட, வேர்வை ஆறறதுக்குள்ள மேல ஒரு சட்டையைப் போடு. தண்ணியை வாய் வாயா குடி, பாதி வாழைப்பழம் தின்னு, காலை உசத்தி வெச்சுப் படுத்து மூச்சை நீளமா வெளிய விடு. படுத்தா நான் களைச்சுட்டேன்னு எதிராளி நினைப்பான்னு தங்கச்சிகிட்ட சொன்னியாமே. நினைச்சுட்டுப் போகட்டும்.

நீ பொறந்த அன்னிக்கு வலிக்கும் வலிக்கும் நடுவுல நான் குறட்டை விட்டேன், வார்டே சிரிச்சுது, இன்னிக்கும் கேலி பண்றாங்க. சிரிக்கட்டுமே, கடைசி வலிக்கு எனக்குத் தெம்பு மிச்சம் இருந்தது. அதுலதான் நீ வந்தே.

மகராசியா இரு. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தூரத்துல நின்னுதான் சொல்லச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை பல்லைக் கடிக்காதே.

உன்னைப் பெத்த
குறட்டைக்காரி