பின்னாலிருந்து போட்ட கணக்கு

காஞ்சிபுரம்
9-2-1969, ஞாயிறு

அன்பு மகன் வீரபாகுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கை பெரியநாயகி, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் எழுந்ததும் பால்கூட வாங்கி வைக்காமல் அலமாரியின் மேல்தட்டிலிருந்து உன் பத்தாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். ஊசல் சோதனைப் பக்கத்தில் உன் எண்களை பிளேடால் சுரண்டிய தடம் இன்னும் தெரிகிறது. அதன்மேல் இருப்பது என் கையெழுத்து. ஊஞ்சல் கொக்கியில் எடைக்கல்லைக் கட்டி, இருபது ஆட்டம் எண்ணி, அப்பாவின் கடிகாரத்தைப் பார்த்து நீயே கணக்குப் போட்டாய். பூமியின் இழுப்பு 931 என்று வந்தது. புத்தகத்தில் 980. நான் 980இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எத்தனை விநாடி வந்திருக்க வேண்டுமோ அதை எழுதினேன். அப்போ நான் எண்ணினது பொய்யாம்மா என்று கேட்டாய். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் விடையைத்தான் பார்ப்பார் என்றேன். நான் சென்னையில் பி.எஸ்ஸி. படித்தபோதும் அதுதான் வழக்கம். அது ஏமாற்று என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

உன் கடிதம் வந்த புதன்கிழமையிலிருந்து அது ஒன்றே மனதில் ஓடுகிறது. கம்பியை இழுத்து அளக்கும் சோதனையில் விடை சரியாக வராததால் நீ புத்தகத்துக்குப் பொருந்தும் எண்களை எழுதிக் கொடுத்தாய் என்றும், அன்று அந்தக் கருவியின் முள்ளே பழுதாக இருந்ததால் யாருக்கும் அந்த எண்கள் வந்திருக்க முடியாதென்று பேராசிரியர் கண்டுபிடித்துவிட்டார் என்றும், உன்னைப் படிப்பில் வைத்துக்கொள்வதா என்று இருபதாம் தேதி குழு கூடி முடிவுசெய்யும் என்றும் எழுதியிருக்கிறாய். என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அரம் பிடித்து இரும்பு ராவுகிறார்கள், விடை தப்பினால் ஏன் தப்பியது என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள், அதற்குத்தான் மார்க்கு என்கிறாய். எங்கள் பள்ளியில் கருவிகள் வாங்கிய நாளின் பளபளப்போடு பீரோவில் இருக்கின்றன. திறக்கச் சொன்னால் அட்டெண்டர் முனிரத்தினம், "ஒண்ணு ஒடஞ்சாகூட ஸ்டாக் ரிஜிஸ்தரை வெச்சிக்கினு நீங்கதாம்மா பதில் சொல்லிக்கினு நிக்கணும்" என்கிறார். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் கரும்பலகையிலேயே ஊசலை ஆட்டிவிட்டேன்.

போன மாதம் நானே பொறுப்பேற்று ஊசலை மட்டும் வெளியே எடுத்தேன். முசரவாக்கத்திலிருந்து வரும் அங்கம்மாள் என்ற பெண்ணுக்கு 944 வந்தது. "பூமி நம்ம ஊர்ல மட்டும் கொஞ்சம் கம்மியா இழுக்குது போல டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அழித்து எழுது என்றேன். அவள் மறுபேச்சில்லாமல் அழித்தாள்.

பேராசிரியரிடம் சமாதானம் எதுவும் சொல்லாதே. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான் என்றும் சொல்லாதே. செய்தேன் என்று ஒப்புக்கொள். உனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது உன் அம்மா என்று சொல்ல வேண்டிவந்தால் தயங்காமல் சொல். குழு என்ன முடிவு செய்தாலும் அன்றைக்கே எழுது. திருப்பி அனுப்பினாலும் வீட்டு வாசலில் உன்னை ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கம்பளி பனியனைத் துவைக்கிற நாளிலும் மாற்று இல்லாமல் இருக்காதே. ஏகாம்பரநாதர் உன்னைக் கைவிடமாட்டார், நீ நன்றாக இருப்பாய்.

இன்னும் ஒன்று. இந்த வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்ஷன். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் எனக்குத் தலைமையாசிரியை பதவி தருவதா என்று முடிவு செய்வார்கள். முப்பத்திரண்டு ரெக்கார்டும் 980 என்று அழகாக எழுதி என் கையெழுத்துக்காக மேசைமேல் இருக்கின்றன. கையெழுத்துப் போடப்போவதில்லை. நாளைக்கே ஊசலை மறுபடி எடுத்து, அவரவருக்கு வந்ததை எழுதச் சொல்லி, அதைத்தான் வருகிறவர்முன் வைக்கப்போகிறேன். அப்பாவுக்கும் தெரியாது, பள்ளியிலும் யாருக்கும் தெரியாது.

உன் அம்மா
நீலாம்பாள்