முகவரி இல்லாத டிரைவர்

ஜனவரி 20, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பொங்கலன்றே சொன்னேன்: "வாணி, இந்தப் பிரிண்டர் ஒரு நாள் நம்ம கால வாரிவிட்டுரும்." அக்கா மகள்தான், ஆனாலும் காதில் வாங்கவில்லை. இன்று வாரிவிட்டது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் திறந்திருக்கும் அச்சுக்கடைக்கு முதல் பெரிய ஆர்டர் இது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் பால்குடக் குழுவுக்குப் பெயர் ஸ்டிக்கர். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். மெஷினோ காலையிலிருந்து வெள்ளை ஸ்டிக்கராகவே துப்புகிறது. குழுத் தலைவர் வேலாயுதம் போனில் சொல்லிவிட்டார்: "முடியலன்னா இப்பவே சொல்லும்மா. செந்தூல்ல வேற கடை இருக்கு லா."

வாணி முகம் வாடிவிட்டது. நான் அசரவில்லை. கடைச் சாவியிலிருந்து கணினி பாஸ்வேர்டு வரை என்னிடம்தானே இருக்கிறது.

ஜனவரி 21, புதன்

கணினியை ஓட்டும் லினக்ஸை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து போடப்போகிறாளாம். இரண்டு நாள் போய்விடும். தடுத்தேன். போர்ட் கிள்ளானில் நாற்பதாயிரம் கண்டெய்னர் பார்த்தவன் நான் – லோரியில் உட்கார்ந்தபடிதான், இருந்தாலும்.

"ஒரு பெட்டியில கோளாறுன்னா போர்ட்டையே இடிப்பாங்களா? அது எந்தக் கப்பல்ல வந்துச்சுன்னு பாரும்மா."

சிரித்துக்கொண்டே கருப்புத் திரையைத் திறந்தாள். 'ஆப்ட் பாலிசி' என்று தட்டி ஒரு மென்பொருளின் பெயரைக் கொடுத்தால், அது எந்த இணையக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று காட்டிவிடுமாம். மற்றதற்கெல்லாம் உபுண்டுவின், அதாவது எங்கள் லினக்ஸின், முகவரி வந்தது. பிரிண்டரை ஓட்டும் மென்பொருளுக்கு – அதுதான் டிரைவராம் – மட்டும் முகவரியே இல்லை. இந்தக் கணினியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

"இது எந்தக் களஞ்சியத்துலேருந்தும் வரல மாமா. யாரோ டவுன்லோடு பண்ணிக் கையால போட்டிருக்காங்க."

"கிள்ளான்லேருந்து குருன்னு ஒருத்தன் வந்தாம்மா. திங்கக்கிழம, நீ பேங்க் போயிருந்தப்ப. சிவப்பு மோட்டார் பைக்கு. சர்வீஸுன்னு சொல்லி உக்காந்தான்."

"யாரு அனுப்புனா?"

"அதான் எனக்கும் டவுட்டு."

ஜனவரி 22, வியாழன்

மெஷின் பிழைத்தது. அந்தத் திருட்டு டிரைவர் பெரிய பதிப்பு எண்ணைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். அதனால் அப்டேட் அதைத் தொடவே இல்லை. "நம்பர்தான் மாமா பெருசு. உள்ள ஒண்ணுமில்ல," என்றாள் வாணி. ஏன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்?

அதைத் தூக்கிவிட்டு, உபுண்டு களஞ்சியத்தில் இருப்பதைப் போட்டாள். முதல் ஸ்டிக்கர் வந்தது: தனலெட்சுமி. கருகருவென்று.

ஜனவரி 23, வெள்ளி

வேலாயுதம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அடுத்த வருட ஆர்டரும் நமக்குத்தான். குருவை நான் கண்டுபிடித்த கதையை அவருக்கு விளக்கினேன். இதற்குள் அவனுக்குத் தாடியும் கையில் டிராகன் பச்சைகுத்தலும் முளைத்திருந்தன.

"நாகையாண்ணே, பாஸ்வேர்டு இல்லாம எப்படிப் போட்டான்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. வாணிதான் பதில் சொன்னாள்: "குரு பெரிய ஆளு அங்கிள்."

அவர் போனபின் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். "குரு திரும்ப வந்தா டீ குடுங்க மாமா. மௌஸ மட்டும் குடுத்துராதீங்க."

ஜனவரி 24, சனி

கணினியின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள்.

சரி, இங்கேயாவது எழுதி வைக்கிறேன். குரு என்று யாரும் இல்லை. 'இரண்டு மடங்கு வேகம்' என்று திரையில் ஒரு பச்சைப் பொத்தான் மின்னியது, அமுக்கினேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். சிவப்பு மோட்டார் மட்டும் நிஜம். அது என்னுடையது.