காலை எடை

கொற்கை சுற்று நிலையம், செவ்வாய் வட்டப்பாதை
மருத்துவ அறைப் பதிவு

மார்ச் 2, 07:10

இதை நான் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பதிவு எழுதுவது டாக்டருடைய வேலை. முதுகு வலி முற்றியதால் அவர் போன கப்பலிலேயே ஊர் திரும்பிவிட்டார். புது டாக்டர் அடுத்த கப்பலில் வருவார். அதுவரை, என்னையும் சேர்த்து இங்கே இருக்கும் பதினொரு பேருக்கும் நர்ஸ் நான் ஒருத்திதான். பெயர் அல்லி. பி.எஸ்சி. நர்சிங். அரியலூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எதை எவ்வளவு எழுதுவது என்று கேட்க யாரும் இருந்ததில்லை. கூடுதலாக எழுதியிருந்தால் தள்ளிவிட்டுப் படிக்கவும்.

இன்றைய முன்னுரிமை.

முதலில் சூசை மிக்கேல், ஐம்பத்தாறு வயது, ஃபிட்டர், தூத்துக்குடி. எல்லோருக்கும் அண்ணாச்சி. இங்கே வந்த பிறகு மாரடைப்பு வந்து இதயம் தளர்ந்துவிட்டது. அடுத்த கப்பலில் வீட்டுக்குப் போகிறார். மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். அதுவரை அவரை நிலையாக வைத்திருப்பது என் வேலை.

அடுத்து கோபு, சமையல். சர்க்கரை. வலது பாதத்தில் ஆறாத புண்.

பிறகு இம்தியாஸ் சார், தலைமைப் பொறியாளர். ரத்தக் கொதிப்பு. மாத்திரையை மறப்பவர்.

இதயம் தளர்ந்தால் உடம்பில் தண்ணீர் தேங்கும். முதலில் காலுக்கு வரும், பிறகு நுரையீரலுக்கு. கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும். அதனால் அண்ணாச்சிக்கு மட்டும் தினமும் காலை எடை. கற்பித்ததை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. தலையாட்டினால் கணக்கில் வராது. அவர் சொன்னது:

"காலையில மூத்திரம் போயிட்டு, ஒண்ணும் வாயில போடாம, ஒரே துணியோட தராசுல ஏறணும். மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிச்சுன்னா சிஸ்டர்ட்ட ஓடி வரணும். ஓடக் கூடாது, நடந்து வரணும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி. உப்பு கிடையாது. கடல்ல பொறந்தவனுக்கு இதுக்கு மேல என்ன தண்டனை பாப்பா?"

எடை 62. கால் வீக்கம் இல்லை.

மார்ச் 4, 08:00

அண்ணாச்சி தானாகவே ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி ரெஜினா அக்கா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாடு. ஒன்றுகூட எடுக்கவில்லை. "இது எங்கிட்ட இருந்தா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். கோபுவிடம் கொடுத்துவிட்டேன். காலி உறையை மட்டும் அண்ணாச்சி திருப்பிக் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கோபுவின் புண்ணைக் கழுவிக் கட்டினேன். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று கற்பித்தேன். திருப்பிச் சொன்னார்: "செருப்பு போடணும், கண்ணாடியில மூஞ்சிக்குப் பதிலா காலைப் பாக்கணும். ரெண்டுல எது அழகுன்னு அப்புறம் சொல்றேன் சிஸ்டர்."

மார்ச் 9, 07:30

எடை 63.

கோபுவுக்குக் கால் வலி. "சோத்து அண்டா கனக்குது சிஸ்டர். வயசாயிடுச்சுபோல." புண்ணைப் பார்த்தேன், மோசமாகவில்லை. நிற்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னேன்.

இம்தியாஸ் சாருக்கு ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கொதிப்பு 160/100. மாத்திரையைப் பல் துலக்கும் பிரஷ்ஷோடு சேர்த்து வைக்கக் கற்பித்தேன். "என் பொண்டாட்டி மாதிரியே பேசுறீங்க, சத்தம் மட்டும் குறைவு" என்றார்.

மார்ச் 12, 07:15

எடை 65. மூன்று நாளில் இரண்டு கிலோ.

அண்ணாச்சி நடந்துதான் வந்தார். தண்ணீர் கூடுதலாகக் குடித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். உப்பு? இல்லை. முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை, நீர் தேங்கவில்லை. நெஞ்சில் நீர்ச் சத்தம் இல்லை.

பூமியில் இருக்கும் மைய மருத்துவருக்கு எண்களை அனுப்பினேன். பதில்:

"நீர் மாத்திரையை இரட்டிப்பாக்கவும். தண்ணீர் ஒரு லிட்டராகக் குறைக்கவும். நோயாளி மறைவாகக் குடிக்கிறாரா என்று கவனிக்கவும்."

மார்ச் 15, 07:20

எடை 65.5. நீர் மாத்திரைக்குச் சிறுநீர் நிறையப் போகிறது. போகிற அளவுக்கு எடை குறைய வேண்டும். ஏறியிருக்கிறது.

அப்படியானால் எங்கிருந்தோ குடிக்கிறார்.

தராசிலிருந்து இறங்கும்போது சொன்னார்: "பாப்பா, நீங்க ஒரு தடவை ஏறிப் பாருங்களேன். இந்தப் பொட்டி எங்கிட்ட மட்டும் கோவிச்சிக்கிட்டிருக்கான்னு பாப்போம்." வெளியே மருந்துக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். கல்லூரியில் சேர்ந்த அன்று வரிசையில் நிறுத்தி எடை பார்த்தபோது என் எண்ணைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள். அதன் பிறகு ஆள் இருக்கும் இடத்தில் நான் தராசில் ஏறியதில்லை. "வேலை இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

மார்ச் 17, 10:40

எடை 66. அவருடைய பெட்டியைச் சோதித்தேன். அவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துணிகளுக்கு அடியில் கருவாட்டு உறை. காலி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

"மணத்துக்கு வச்சிருக்கேன் பாப்பா. படுக்கும்போது ஒரு இழுப்பு. அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. நோய்க்குறிப்பில் எழுதினேன்: நோயாளி அறிவுரையைப் பின்பற்றுவதில்லை. மையத்துக்கும் அனுப்பினேன். குடும்பத்துக்குத் தெரிவிப்பதாகப் பதில் வந்தது.

மார்ச் 18, 16:00

தூத்துக்குடியிலிருந்து வந்த ஒலிச் செய்தி, அப்படியே:

"இந்தாரும், ரெஜினா பேசுதேன். நீரு ஒளிச்சி வச்சி கருவாடு திங்கீராம், தண்ணி குடிக்கீராம். அந்தப் பிள்ளை எழுதியிருக்கா. கட்டிக் கொடுத்தேன் பாரும், என்னையச் சொல்லணும். ஜெனிட்டா கல்யாணத்துக்கு நீரு நடந்து வரணுமா, பெட்டியில வரணுமா? சத்தியமெல்லாம் பண்ணாதீரும், உம்ம சத்தியம் முப்பது வருசமா எனக்குத் தெரியும். வாயக் கட்டும். நீரு வாயக் கட்டுனாத்தான் நான் உம்மகிட்ட பேசுவேன்."

அண்ணாச்சி இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை போட வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நான் குடிக்கல பாப்பா. ஆனா அவளும் சொல்லுதா, நீங்களும் சொல்லுதீங்க. தூக்கத்துல எந்திரிச்சிக் குடிக்கனோ என்னமோ. என் ரூம் குழாயைப் பூட்டிருங்க."

பூட்டினேன். தண்ணீர் முக்கால் லிட்டர்.

மார்ச் 20, 07:30

எடை 66. நாக்கு வறண்டு வெடித்திருக்கிறது. எழுந்து நின்றால் தலைசுற்றல். ரத்த அழுத்தம் 90/60. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் கூடாரம்போல நிற்கிறது. சிறுநீர் கொஞ்சம், கறுப்புத் தேநீர் நிறம்.

நான் படித்த புத்தகத்தில் இதெல்லாம் தண்ணீர் வற்றியவனுடைய அடையாளம். என் கண் ஒன்று சொல்கிறது, தராசு ஒன்று சொல்கிறது. தராசைத்தான் எல்லோரும் நம்பச் சொல்லிக் கொடுத்தார்கள். மையத்தைக் கேட்டேன். "எடை குறையும்வரை தொடரவும்."

வாயை நனைக்க ஈரப் பஞ்சு கொடுத்தேன். உதட்டில் ஒற்றிவிட்டு, கடைசிச் சொட்டு கீழே விழும்படி பிழிந்து காட்டினார். உள்ளே போகவில்லை என்று நான் பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 21, 18:00

மையத்துக்கு அனுப்பிய இன்றைய அறிக்கை: எடை 66.5. நோயாளி இன்னும் மறைவாகத் தண்ணீர் குடிப்பதாகச் சந்தேகம்.

மார்ச் 22, 07:05

அண்ணாச்சி தராசுக்கு வரும் வழியில் விழுந்துவிட்டார். நினைவு இருக்கிறது. ரத்த அழுத்தம் 70/40. நாடி தாறுமாறாக ஓடுகிறது. கோபுவும் நானும் கட்டிலில் ஏற்றினோம். தூக்கக் கனமாகத்தான் இருந்தார். ஆனால் உடம்பில் ஒன்றுமே இல்லை. எலும்பும் துணியும். இது அறுபத்தாறு கிலோ உடம்பு இல்லை.

07:20. ஆட்கள் இருந்தார்கள். நான் தராசில் ஏறினேன்.

என் எடை எப்போதும் 44. தராசு 50 என்றது.

07:25. கோபு சமையலறையிலிருந்து பிரிக்காத அரிசி மூட்டையைக் கொண்டுவந்தார். மேலே இருபத்தைந்து கிலோ என்று அச்சிட்டிருக்கிறது. தராசு 28.4.

07:40. நிலையம் ராட்டினம்போலச் சுற்றுவதால்தான் எங்கள் கால் தரையில் நிற்கிறது. எங்கள் எடையே அந்தச் சுற்றுதான். சுற்று வேகமானால் எடை கூடும். இம்தியாஸ் சார் ஓடிப் பார்த்தார். சுற்றைத் தள்ளிவிடும் சிறு எந்திரத்தில் வால்வு கசிகிறது. மூன்று வாரமாக வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. வேகமானி பழைய எண்ணிலேயே சிக்கி நிற்கிறது.

கோபுவின் அண்டா. இம்தியாஸ் சாரின் ஏணி. எல்லோரும் கனத்துக்கொண்டிருந்தோம். தினமும் எடை பார்த்தது அவரை மட்டும்.

07:50. நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றுகிறேன். இந்த இதயத்துக்கு வேகமாக ஏற்றக் கூடாது, மெதுவாக ஏற்ற நேரமும் இல்லை. சிறுநீர் நின்றுவிட்டது.

09:10. அவரிடம் சொன்னேன். தராசு தப்பு அண்ணாச்சி. நீங்க குடிக்கல.

"அப்ப நான் தூக்கத்துலயும் குடிக்கலயா?"

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

"நீங்க அழாதீங்க பாப்பா, உங்களுக்கு என்ன தெரியும். ரெஜினாட்ட சொல்லிருங்க. கோவத்துலயே இருப்பா. கோவம் வந்தா அவ சாப்பிட மாட்டா."

09:30. செய்தி அனுப்பப் போனேன். விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்டது. சமையலறையில் தட்டு விழுந்தது என்று நினைத்தோம். அது பூமியோடு பேசும் ஆண்டெனாக் கம்பம். வேகம் தாங்காமல் முறிந்து போய்விட்டது. வேறு வழி இல்லையா என்று கேட்டேன். இம்தியாஸ் சார் என் தோளைத் தொட்டு, இல்லை என்றார்.

பூமிக்குக் கடைசியாகப் போனது நான் நேற்று அனுப்பிய அறிக்கை.

10:15. "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

சொல்லிட்டேன் என்றேன்.

"என்ன சொன்னா?"

பதில் வர நேரமாகும் அண்ணாச்சி என்றேன். "ஆமா, தூரம்லா" என்றார். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, மீதி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, தம்ளரை என்னிடம் காட்டினார். பழக்கம்.

11:40. நாடி நின்றது. நெஞ்சை அழுத்தினேன். கோபு மாற்றிப் பிடித்தார். 12:25-க்கு நிறுத்தினேன்.

மார்ச் 22, 15:00

நோய்க்குறிப்பைத் திருத்தப் பார்த்தேன். ஒரு நாள் தாண்டினால் பூட்டிக்கொள்ளும். பின்பற்றுவதில்லை என்ற வரி அப்படியே இருக்கிறது. கீழே என் பெயர்.

மார்ச் 24, 09:00

இம்தியாஸ் சார் வால்வை மூடிவிட்டார். வேகம் ஏறுவது நின்றது. ஆனால் நாங்கள் வசிக்கும் வெளி வளையத்தைத் தாங்கும் கைகளில் ஒன்றில் விரிசல் விழுந்துவிட்டது. காற்று கசிகிறது. பத்துப் பேரும் நிலையத்தின் நடு அச்சுக்கு வந்துவிட்டோம். காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரம் வளையத்திலேயே நிற்கிறது, எடுத்து வர முடியவில்லை. அண்ணாச்சியும் வளையத்தில்தான் இருக்கிறார். கருவாட்டு உறையை அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

இங்கே சுற்றின் இழுப்பு இல்லை. எல்லோரும் மிதக்கிறோம். யாருக்கும் எடை இல்லை.

மார்ச் 27

கப்பலுக்கு நாள் இருக்கிறது. காற்று அவ்வளவு இல்லை.

இன்றைய முன்னுரிமை: மூச்சு. மற்றதெல்லாம் பிறகு. கற்பித்தது: அசையாமல் இருக்கவும், பேச வேண்டாம், மெதுவாக இழுத்து மெதுவாக விடவும். திருப்பிச் சொல்லக் கேட்கவில்லை. பேசினால் காற்று செலவாகும். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்று மட்டும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

கோபுவின் புண் ஆறிவருகிறது.

மார்ச் 29 அல்லது 30

தலைவலி. எழுத்து கலைகிறது. இம்தியாஸ் சார் இன்று எழுந்திருக்கவில்லை. கோபு அவர் கையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார். நான் நாடி பார்க்கிறேன். எல்லோரையும் ஒரு முறை பார்ப்பதற்குள் களைத்துவிடுகிறேன்.

உதவி கேட்கக் கூடாது என்றுதான் இதை இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். தெரியாதவரிடம் வேலை சொல்ல எனக்குக் கூச்சம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. வந்ததும் எங்கள் ஒவ்வொருவரையும் பார்ப்பீர்கள். முதலில் மூச்சு, பிறகு நாடி. அதுதான் முறை. எங்களுக்கு அவசரம் இருக்காது. அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள்.

தூத்துக்குடி. ரெஜினா மிக்கேல். ஃபிட்டர் சூசை மிக்கேல் வீடு என்றால் காட்டுவார்கள். அவர் தண்ணீர் குடிக்கவில்லை, கருவாடு தின்னவில்லை, தராசுதான் தப்பு, அதை நம்பியது அல்லி என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

அக்கா தலையை ஆட்டுவார்கள். அது போதாது. திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் குடிக்கவில்லை என்று அவர்கள் வாயால் வரும்வரை அந்த வீட்டைவிட்டுப் போகாதீர்கள்.