அப்பாவின் நல்ல நாட்கள்

ஜூன் 9

இது உங்கள் கையில் கிடைத்திருந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் கூடவே கூடாது. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

அப்பா மறுபடி ஆரம்பித்துவிட்டார். ஒரு வாரமாகப் பொட்டுத் தூக்கமில்லை. அவருக்கு ஃபேன், மிக்சி ரிப்பேர் வேலை. இன்று தெருவில் வீடு வீடாகப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேன்களையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். "சத்தமே இல்லாம ஓட வைக்கிறேன் பாரு!" ஹாலில் கால் வைக்க இடமில்லை. மாடி வீட்டு மாமா வந்து, "வீடு வேகுதுப்பா" என்று கத்தினார். அப்பா அவருக்கு விசிறிக்கொண்டே பாட்டுப் பாடினார். விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் பயமாக இருந்தது.

ஜூன் 10

ஒரு ஃபேன்கூடத் திரும்பிப் போகவில்லை.

ஜூன் 12

அம்மா சொல்கிறாள்: "படுத்தே கிடந்தாரே, அதுக்கு இது எவ்வளவோ மேல்டி. நல்ல நாள் இது."

எங்கள் வீட்டில் அப்படித்தான். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தால்தான் டாக்டரிடம் போவோம். தூக்கமில்லாமலே உற்சாகமாக இருந்ததுண்டா என்று போன தடவையே டாக்டரம்மா கேட்டார். "சேச்சே, நல்லா இருந்தா சிங்கம் மாதிரி உழைப்பார்" என்றாள் அம்மா. ஃபைலில் மனச்சோர்வு என்று எழுதி, பக்கத்தில் F32 என்று நோய்க்கான குறியீடும் போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரைக்கு அப்புறம்தான் அப்பா இவ்வளவு உயரத்தில் பறக்கிறார்.

படுப்பதும் பறப்பதும் ஒரே நோயாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்தது. டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாமா? ஆனால் என்னோடு விளையாடுவது இந்த அப்பாதானே! இவரையும் நோய் என்று எழுதிவிட்டால் எனக்கு எந்த அப்பா மிச்சம்?

ஜூன் 14

சொல்லிவிட்டேன். நேற்று மெயினை அணைக்காமலே வயரைத் தொடப் போனார். "எனக்கெல்லாம் ஷாக் அடிக்காது!" நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்து மெயினை அணைத்தாள். இன்று ஆஸ்பத்திரி.

"இந்த மாத்திரைக்கு முன்னாடியும் இப்படி இருந்திருக்காராம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "போன வருஷப் பரீட்சை சமயத்துல. தெரு மிக்சியெல்லாம் எங்க வீட்டுலதான்."

அப்பா என்னைப் பார்த்து, "அடி உளவாளி!" என்றார். சிரிக்கவில்லை.

டாக்டரம்மா F32-ன் மேல் ஒற்றைக் கோடு இழுத்தார். பழையது படிக்கும்படி இருக்க வேண்டுமாம். மேலே F31, இருமுனைக் கோளாறு. சுவரில் எழுதியிருந்த அதே நோய்தான். தேதி, கையெழுத்து. "உங்க அப்பாவுக்குப் பட்டம் கட்டலைம்மா. இனி யார் பார்த்தாலும் தப்பான மாத்திரை கொடுத்துடக் கூடாது, அதுக்குத்தான்."

அப்பாவை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். நான்தானே காரணம்?

ஜூலை 3

வந்துவிட்டார். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார். கை லேசாக நடுங்குகிறது. புது மாத்திரையில் அப்படி இருக்குமாம், ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் பேசவில்லை.

ஜூலை 5

"உளவாளி, சாப்பிட்டியா?" என்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆகஸ்ட் 21

இன்று கேரம் ஆடினோம். அப்பா பறக்கவில்லை, படுக்கவில்லை. சும்மா சாதாரணமாக என் எதிரில் உட்கார்ந்து அழுகுணி ஆட்டம் ஆடினார். கையும் களவுமாகப் பிடித்தேன். "கை நடுங்குதுடி, அதான் காய் தானா நகருது" என்கிறார், புளுகர்! அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி—

கதவு தட்டும் சத்தம். அப்பா. "இன்னும் தூங்கலையா? எனக்குக் கண்ணு சொக்குது. காலையில இன்னொரு ஆட்டம், உன்னை—